வீரய்யாவுக்கு ஒரு கட்டம்

ஐப்பசி மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கண்டி மகியாவையில், குசினி வாசலை அடைத்துக்கொண்டு நின்று வீரய்யா தன் மனைவிக்கு ஒரு பிரகடனம் செய்தார்.

"ராஜேசு, நல்லாக் கேட்டுக்க. இன்னையிலருந்து நான் வீகன்."

இராஜேஸ்வரி சம்பலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"அது என்னங்க, புது மாத்திரையா?"

"மாத்திரை இல்ல, கொள்கை. எந்த உயிர்கிட்டருந்தும் ஒண்ணும் வாங்கித் திங்கக் கூடாது. இறைச்சி கெடையாது, மீன் கெடையாது, முட்டை கெடையாது. பால், தயிரு, நெய்யி கெடையாது. தேன்கூடக் கெடையாது."

"நம்ம வீட்ல தேன் எப்ப இருந்துச்சு?"

"இருந்தாலும் தொட மாட்டேன்."

"மாசி?"

இந்த இடத்தில் வீரய்யா கொஞ்சம் ஆடிப்போனார். மாசிக் கருவாட்டை இடித்துப் போடாத சம்பல் இந்த நாட்டில் ஒரு சம்பலா? கொள்கை வகுத்தபோது மாசியை அவர் யோசிக்கவே இல்லை. ஆனால் வாயை விட்டுப் போன சொல்லைத் திரும்ப விழுங்க முடியுமா?

"மாசியும் கெடையாது," என்றார், குரல் இறங்கி.

"சரி," என்றாள் இராஜேஸ்வரி. மாசிப் போத்தலை இறுக மூடி மேல் தட்டில் தூக்கி வைத்தாள். தேங்காயின் மற்றப் பாதியைக் கையில் எடுத்தாள்.

அவ்வளவுதான். "உங்களுக்கு என்ன பைத்தியமா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். "இனி உங்களுக்கு என்னத்தைத்தான் சமைக்கிறது?" என்று தலையில் கைவைத்திருக்கலாம். இரண்டுக்கும் பதில் தயாராக வைத்திருந்தார் வீரய்யா. இரண்டு நாள் குளியலறையில் ஒத்திகையும் பார்த்திருந்தார். எல்லாம் வீண்.

வீரய்யா மாநகர சபையில் இருபத்தொன்பது வருஷம் லிகிதராக இருந்து ஓய்வு பெற்றவர். என்ன வேலை என்று கேட்டால் "வருமானப் பிரிவு" என்று கம்பீரமாகச் சொல்வார். உண்மையில் நாய் லைசன்ஸ். கண்டி நகரத்தில் குரைத்த நாய்களில் பாதி அவர் கையெழுத்தில் பதிவானவை. பதிவேட்டில் ஐந்து கட்டம்: பெயர், நிறம், ஆணா பெண்ணா, இனம், கடைசியாக வளர்ப்பவர் பெயர். முதல் நான்கில் என்ன எழுதினாலும் பரவாயில்லை. ஐந்தாவது கட்டம் காலியாக இருந்தால் அது தெருநாய். நாய் பிடிக்கிற வண்டி வந்தால் ஏனென்று கேட்க ஆளில்லை.

அவர் மேசைக்கு முன்னால் வந்து நின்றவர்கள் எல்லாரும் தங்கள் நாயைப் பற்றி வாய் வலிக்கப் பேசினார்கள். "நீங்க எப்படி ஐயா இருக்கீங்க?" என்று ஒருத்தர் கேட்டதில்லை. அப்போது அது அவருக்கு உறைக்கவில்லை. ஓய்வு பெற்ற மூன்றாம் வருஷம்தான் உறைத்தது.

சொல்லிவிடுவதில் என்ன வெட்கம்? மனுஷனுக்குத் தனிமை. வீடு நிறைய ஆள் இருந்தும் தனிமை. இராஜேஸ்வரி முன்னறையில் மிஷின் போட்டு பிளவுஸ், சுரிதார் தைப்பவள். காலை ஒன்பது மணியிலிருந்து பெண்கள் வந்தபடி இருப்பார்கள். கழுத்து இறக்கம், கை நீளம், யார் வீட்டில் கல்யாணம், யார் வீட்டில் சண்டை என்று பேச்சு ஓயாது. மூலைக் கதிரையில் இருக்கும் வீரய்யாவிடம் அவர்கள் பேசுவது ஒரே ஒரு வசனம்: "அங்கிள், காலைக் கொஞ்சம் தூக்குங்க." விழுந்த ஊசியைத் தேடத்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் யசோதா மெல்பேர்னிலிருந்து அழைப்பாள். அம்மாவோடு நாற்பது நிமிஷம் பேசுவாள். பிறகு அப்பா முறை வரும். "அப்பா, சாப்பிட்டீங்களா? சுகர் மாத்திரை போட்டீங்களா? சரிப்பா, அம்மாகிட்ட குடுங்க."

இப்படி இருக்கும்போதுதான் அங்கே மருமகன் வீகன் ஆனான். மூன்று ஞாயிறு தொடர்ந்து அவன் பேச்சுத்தான். அவரு இதைத் தொட மாட்டாரும்மா, அவருக்கு அது ஆகாதும்மா, எல்லாம் அவருக்குன்னு தனியாச் செய்யணும்மா. 'அவருக்குன்னு தனியா' என்ற அந்தச் சொல் வீரய்யாவின் நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு மனுஷன் நாலு பண்டத்தை வேண்டாம் என்று சொன்னால் போதும், வீடே அவனைப் பற்றிப் பேசும் என்று இதுநாள்வரை யாரும் தனக்குச் சொல்லித் தரவில்லையே என்று நினைத்தார்.

பிரகடனம் செய்த அன்றே மகளிடமும் செய்தியைச் சொன்னார்.

"யசோ, அப்பாவும் வீகன்."

"அப்படியாப்பா? ரொம்ப நல்லது. பி டுவெல்வ் மாத்திரை ஒண்ணு போடுங்க. அம்மாகிட்ட குடுங்க."

சமையலிலும் 'அவருக்குன்னு தனியா' எதுவும் நடக்கவில்லை. மத்தியானம் இராஜேஸ்வரி சோறும் பருப்பும் கீரையும் வைத்தாள். "ஒரு வகையில நல்லதுங்க," என்றாள். "உங்களுக்கு முட்டை பொரிக்கிற வேலை எனக்கு மிச்சம்."

அதைக்கூடத் தாங்கிக்கொண்டார். திங்கட்கிழமை காலை நடந்ததைத்தான் தாங்க முடியவில்லை.

கல்யாணமான நாளிலிருந்து ஒரு வழக்கம். காலை ஐந்தரைக்கு இருவரும் குசினியில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து பால் தேத்தண்ணி குடிப்பார்கள். பெரிய பேச்சு ஒன்றும் இருக்காது. இன்றைக்கு மழை வருமா, கேஸ் இன்னும் எத்தனை நாளைக்கு வரும், இவ்வளவுதான். ஆனால் நாள் முழுவதிலும் அவள் அவர் முகத்தைப் பார்த்துப் பேசுகிற நேரம் அந்தக் கால் மணி மட்டும்தான். அன்றைக்கு எழுந்து வந்தபோது மேசையில் ஒரு பிளாஸ்க் நின்றது. முன்னறையில் மிஷின் ஓடியது.

"உங்க பிளேன்டீ பிளாஸ்க்ல இருக்குங்க," என்று குரல் மட்டும் வந்தது. "பால் சேக்காததுதானே, எப்ப வேணும்னாலும் ஊத்திக் குடிச்சுக்கலாம். நான் இந்த பட்டனை முடிச்சிடுறேன்."

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்ட கதையாகிவிட்டது. புத்தியுள்ளவன் அன்றைக்கே கொடியை இறக்கியிருப்பான். வீரய்யாவோ கொடி போதுமான உயரத்தில் இல்லை என்று முடிவு செய்தார். புதன்கிழமை கடவுளைத் துணைக்கு அழைத்தார்.

"ராஜேசு, கடவுளைப் பத்தியும் ஒரு முடிவுக்கு வந்துட்டேன்."

"சொல்லுங்க." அவள் உதட்டில் இரண்டு குண்டூசி இருந்தது.

"கடவுள் இருக்காரு."

"அப்பாடா."

"ஆனா கோயில்ல இல்ல. உருவம் கெடையாது, பேரு கெடையாது. கோழியிலயும் இருக்காரு, மாட்டுலயும் இருக்காரு. அதனாலதான் நான் திங்கிறதில்ல. ரெண்டும் ஒரே கொள்கைதான்."

"பேரில்லாத சாமிக்கு அர்ச்சனைச் சீட்டு எப்படிங்க எழுதுவாங்க?"

"அர்ச்சனையே வேணாங்கிறேன்."

அவள் குண்டூசிகளை எடுத்துத் துணியில் குத்தினாள். "அப்ப வெள்ளிக்கிழமை நீங்க வரலையா?"

வீரய்யாவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. வெள்ளிக்கிழமை மாலை இருவரும் கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலுக்குப் போவார்கள். பஸ்ஸை விட்டு இறங்கி வீதியைக் கடக்கும்போது இராஜேஸ்வரி அவர் முழங்கையைப் பிடித்துக்கொள்வாள். வாகனத்துக்குப் பயம். வாரத்தில் அந்த ஒரு நிமிஷம் அவர் பெரிய ஆம்பிளையாக இருப்பார். பிள்ளையாரை மறுத்தபோது முழங்கையும் சேர்ந்து போகும் என்று அவர் கணக்குப் போடவில்லை.

"கொள்கைன்னா கொள்கைதான்," என்றார்.

வெள்ளிக்கிழமை அவள் பட்டுக்கரைச் சேலை கட்டிக்கொண்டு கிளம்பினாள். வாசலில் நின்று திரும்பினாள். "எங்கும் இருக்கிறவரு நம்ம வீட்லயும் இருப்பாருதானே. அவரோட பேசிக்கிட்டு இருங்க. அடுப்புல கடலை வேகுது, ரெண்டு பேரும் பாத்துக்கங்க."

கடவுள் ஒன்றும் பேசவில்லை. கடலை அடிப்பிடித்தது.

அடுத்த வாரம் சனத்தொகைக் கணக்கெடுப்பு வருகிறது என்று அறிவித்தல் ஒட்டினார்கள். வீரய்யாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர் வீடு தேடி வருவார். எதிரில் கதிரை போட்டு உட்கார்ந்து, பெயர் என்ன, இனம் என்ன, மதம் என்ன என்று கேட்பார். அதாவது, நீங்கள் யார் ஐயா என்று கேட்பார்! இருபத்தொன்பது வருஷம் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்ட மனுஷன், வாழ்க்கையில் முதல்தடவையாக இந்தப் பக்கம் இருந்து பதில் சொல்லப்போகிறார்.

மூன்று நாள் உட்கார்ந்து பதிலை எழுதினார். 'மதம்: கட்டத்துக்குள் அடங்காது. தனித்தாள் இணைக்கப்பட்டுள்ளது.' தனித்தாளில் கோழி, மாடு, உருவமின்மை, வீகன் எல்லாம் பந்தி பந்தியாக இருந்தன. மூன்று பிரதி எடுத்தார். கணக்கெடுப்பு தொடங்கியதும் தினமும் காலை எட்டு மணிக்கே சட்டையை அயன் பண்ணிப் போட்டுக்கொண்டு, பிரதிகளைப் பையில் வைத்து, மூலைக் கதிரையைக் கதவோரம் இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். பெண்கள் அவரைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். சரியாக நாலு மணிக்கு எழுந்தார். அவர் அரசாங்க உத்தியோகம் பார்த்தவர். நாலு மணிக்கு மேல் அரசாங்கம் படி ஏறாது என்பது அவருக்குத் தெரியும். அதுவும் இந்த வீட்டுக்கு ஐம்பத்திரண்டு படி.

நாலு மணிக்கு எழுந்து எங்கே போவார்? இதை இவ்வளவு நேரம் உங்களிடம் மறைத்ததற்கு மன்னிக்க வேண்டும். பிரகடனம் செய்த மூன்றாம் நாளிலிருந்து, கட்டுகஸ்தோட்டை வீதியில் நஸீம் நானாவின் தேத்தண்ணிக் கடைக்குப் போய்க்கொண்டிருந்தார். ஒரு பால் தேத்தண்ணி. உள்ளே மீன் வைத்துச் சுட்ட ஒரு பணிஸ்.

பசிக்காகத்தான் என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதைதான் அது. அலவத்துகொடையிலிருந்து வந்து கடை போட்டிருக்கும் நஸீம் நானா ஆளைக் கண்டதும், "வாங்க ஐயா, என்ன இன்டக்கி முகம் ஒரு மாதிரி ஈக்கிது?" என்பார். அந்த ஒரு கேள்விக்காகத்தான் வீரய்யா ஐம்பத்திரண்டு படி இறங்கினார்.

ஆனால் இரண்டாம் நாளுக்குப் பிறகு தேத்தண்ணி சப்பென்று இருந்தது.

"நானா, சீனி விலை ஏறிடுச்சா?"

"இல்லையே ஐயா."

"இனிப்பே காணோமே."

"வயசு போக நாக்கும் மாறும் ஐயா," என்று நஸீம் நானா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஒரு நாள் வீரய்யா தன் கடவுளையும் அவரிடம் அவிழ்த்தார். "உருவம் இல்ல நானா. பேரு இல்ல. ஒண்ணே ஒண்ணு. நானே யோசிச்சுக் கண்டுபிடிச்சேன்."

நஸீம் நானா கோப்பையைத் துடைத்தபடி கேட்டார். "உருவமில்ல, இணையில்ல, ஒரே ஒருத்தன்டு எங்கட புள்ளைகள் அஞ்சு வயசுல ஓதுறாங்க ஐயா. நீங்க அறுபத்திமூணுல வந்து சேந்தீக்கிறீங்க. பரவாயில்ல, பணிஸ் சூடா ஈக்கிது, சாப்பிடுங்க."

தன் சொந்தக் கடவுளும் ஏற்கனவே ஊரறிந்தவராக இருக்கிறாரே என்று வீரய்யாவுக்கு மனசு சுருங்கிப்போயிற்று. பணிஸைச் சாப்பிட்டார்.

காத்திருந்த ஆறாம் நாள், வியாழக்கிழமை. நாலே முக்காலுக்கு மூச்சு வாங்கப் படியேறி வந்த வீரய்யா வாசலில் அப்படியே நின்றுவிட்டார். கதவில் புது ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. கணக்கெடுப்பு முடிந்த வீடு. இலக்கம் போட்டு, கையெழுத்தும் வைத்தாயிற்று.

"ராஜேசு! யாரு வந்தது?"

"நம்ம ரபீகா." இராஜேஸ்வரி மிஷினில் குனிந்திருந்தாள். ரபீகா பிரதேச செயலகத்தில் வேலை பார்க்கிற பெண். அவளுடைய சுரிதார் எல்லாம் இங்கேதான் தைப்பது. "நம்ம லைன் கணக்கு அந்தப் பிள்ளைக்குத்தான் போட்டிருக்காங்களாம். இப்பதான் போகுது."

"நாலு மணிக்கு மேலயா?"

"நேத்து போன் பண்ணி, எப்ப வரட்டும் ஆன்ட்டின்னு கேட்டுச்சு. நாலுக்கு மேல வாம்மா, அப்பதான் கதவோரக் கதிரை காலியா இருக்கும்னேன்."

வீரய்யா அந்தக் கதிரையிலேயே உட்கார்ந்தார்.

"மதம் என்னன்னு குடுத்த?"

"இந்து."

"என்னைக் கேக்காமலா?"

"கேக்கலாம்னுதான் பாத்தேன். நீங்க எங்க இருந்தீங்க?"

வீரய்யா வாசல் பக்கம் பார்த்தார். "நடக்கப் போனேன்."

"அப்படியா? நடந்ததுல மீசையில பால் ஆடை ஒட்டியிருக்கு."

கை தானாக மீசைக்குப் போனது. போனபிறகுதான், அந்தக் கையே சாட்சி சொல்லிவிட்டது என்று தெரிந்தது.

"நஸீம் நானா சீனி ஒரு கரண்டிதானே போடுறாரு?" என்றாள் இராஜேஸ்வரி. "சுகர் இருக்கிற மனுஷன், பாத்துப் போடுங்கன்னு ரெண்டாம் நாளே போய்ச் சொல்லிட்டு வந்தேன். பணிஸும் ஒண்ணுக்கு மேல குடுக்க வேணாம்னேன்."

இனி மறைக்க என்ன இருக்கிறது? தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன. சட்டைப் பையிலிருந்த மூன்று பிரதிகளும் நெஞ்சில் குத்தின.

"வீகன்னாவது சொன்னியா?"

"சொன்னேங்க. அதுக்குக் கட்டம் இல்லைன்னுச்சு. தண்ணி எங்கருந்து வருது, கூரை என்ன கூரை, கக்கூசு எத்தனை, எல்லாத்துக்கும் கட்டம் இருக்கு. நீங்க என்ன திங்க மாட்டீங்கன்னு எழுத மட்டும் இடமில்ல."

"குடும்பத் தலைவர்ங்கிற எடத்துல..."

"அதையும் கேட்டுச்சு, இந்த வீட்டுக்குத் தலைவர் யாரு ஆன்ட்டின்னு. சுத்திப் பாத்தேன். நான்தான் இருந்தேன். என் பேரைக் குடுத்துட்டேன்."

வெளியே தூறல் பிடித்தது. மிஷின் கொஞ்ச நேரம் ஓடி, நின்றது.

"ஏங்க, பேச ஆளில்லன்னா என்கிட்ட சொல்ல வேண்டியதுதானே. அதுக்கு எதுக்குக் கோழியையும் கடவுளையும் இழுக்கிறீங்க?"

"நீ எங்க நிமிந்து பாக்குற?" என்றார் வீரய்யா. ஒத்திகை பார்க்காத வசனம்.

இராஜேஸ்வரி நிமிர்ந்தாள். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். அவரையே சற்று நேரம் பார்த்தாள். பிறகு எழுந்துவந்து, அவர் இருந்த கதிரையின் கையைப் பிடித்தாள். "எழும்புங்க." கதிரையைத் தரதரவென்று இழுத்துப்போய் மிஷினுக்குப் பக்கத்தில் போட்டாள். அவர் கையில் ஊசிப் பெட்டியையும் நூற்கட்டையையும் வைத்தாள்.

"எனக்கு இப்ப கண்ணு தெரியிறதில்ல. உக்காந்து ஊசி கோத்துக் குடுங்க. கோத்துக்கிட்டே பேசுங்க. காலையில ஐஞ்சரைக்குப் பால் தேத்தண்ணி. நாளைக்கு வெள்ளிக்கிழமை, நேரத்தோட குளிச்சிட்டு ரெடியா இருங்க. ரோட்டைத் தனியாத் தாண்ட எனக்குப் பயமா இருக்கு."

வீரய்யா நூலின் நுனியை நாக்கில் நனைத்தார். முதல் ஊசி மூன்றாம் தடவையில் ஏறியது. இரண்டாவது சட்டென்று ஏறியது.

"அப்ப என் பேரு எங்கதான் இருக்கு?" என்று மெல்லக் கேட்டார்.

"உங்களுக்கும் ஒரு கட்டம் இருந்துச்சுங்க. தலைவருக்கு என்ன உறவுன்னு. புருஷன்னு போட்டிருக்கு."

மூன்றாவது ஊசியைக் கோத்தபடி வீரய்யா தன் பழைய பதிவேட்டை நினைத்துப் பார்த்தார். ஐந்தாவது கட்டத்தில் வளர்ப்பவர் பெயர் விழுந்துவிட்டது. இனி எந்த வண்டி வந்தாலும் அவரைப் பிடித்துக்கொண்டு போக முடியாது.